நீதிக்கல்லுக்கு வெண்ணெய்

தும்முங்க அம்மிணி, தும்முங்க. அடக்காதீங்க. அந்த நெடி எம்மேல இருந்துதான் வருது. காலைல தலைக்குக் குளிச்சுப்போட்டு, வெளுத்த சீலை கட்டிட்டுத்தான் வந்தனுங்க. ஆனாப் போகாது. முப்பது வருசமா மிளகாய் அரைக்கிற மில்லு. தோலுக்குக் கீழ எறங்கிப்போச்சுன்னு எங்கூட்டுக்காரரு சொல்லுவாரு. பஸ்ஸுல எம்பக்கத்துல உக்காந்தவங்க யாரும் கடைசி வரைக்கும் உக்காந்ததில்லை. அந்த ஜன்னலை நல்லாத் தள்ளி உட்டுக்குங்க, செரியாப் போயிரும்.

நீங்க எங்க எறங்கறீங்க? தாராபுரமா? நான் அதுக்கு முன்னாலயே, ஆத்தோரத்து அம்மன் கோயில் ஸ்டாப்பு. ஒரு மணிக்கு நடை சாத்திருவாங்க. அதுக்குள்ள போயிரோணும். இப்ப மணி என்னாச்சுங்க? பதினொண்ணே காலா. செரி, போயிரலாம். போயிரோணுங்க.

அதா, டிரைவருக்குப் பின்னால, நீலச் சுடிதாரு, மடியில தூக்குப்போசி வெச்சுட்டு உக்காந்திருக்கறது எம்பொண்ணு. மேகலா. ஏறுனப்ப ரெண்டு சீட்டுச் சேர்ந்தாப்பல இல்லை. அவ அங்க போயிட்டா, நான் இங்க உக்காந்துட்டேன். தூக்குப்போசியில வெண்ணெய் இருக்குது. இந்தப் பையில எளநீயும் தயிரும். எல்லாம் குளிர்ச்சிச் சாமானம். எதுக்குன்னு சொல்றேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லிப்போடறனுங்க. எனக்கு மிளகாய் எரியாது. மொழங்கை வரைக்கும் தூளுக்குள்ள உட்டு அள்ளிப்போட்டு, அதே கையில கண்ணுத் தூசி எடுப்பேன். தும்மலே வராது. எங்க பக்கம் மயில் தொந்தரவு நெம்பங்க. வெதைக்கறதையெல்லாம் பொறுக்கிப்போடும். வெதையோட மிளகாத்தூளைக் கலந்து வெதைச்சுப் பார்த்தேன். தின்னுப்போட்டு அங்கயே நின்னு தோகைய விரிச்சுது. எங்கூர்ல மிளகாய்க்கு அடங்காதது ரெண்டுதான். மயிலும் நானும்.

மத்த எல்லாம் அடங்கும். கொழம்புல போடறதுக்குன்னே மிளகாய் இருக்குதுன்னு நெனச்சுட்டு இருக்கறாங்க ஊருல. மில்லு மோட்டாரு ஒயரை எலி கடிச்சுட்டே இருந்துச்சு. விளக்கெண்ணெய்ல மிளகாத்தூளைக் கொழைச்சு ஒயரு பூராப் பூசிவெச்சேன். மறுக்கா எலி வரலை. கத்திரிச் செடியில பூச்சியா, பச்சமிளகாயும் பூண்டும் அரைச்சுக் கரைச்சுத் தெளிச்சா அடுத்த தோட்டத்துக்குப் போயிரும். அடுத்த தோட்டத்துக்காரரு எங்கிட்டப் பேசறதில்லை, அது வேற. மில்லுச் செவுத்தோரம் நின்னு ஒண்ணுக்குப் போவாங்க ஆம்பளைங்க. சொல்லிப் பார்த்தேன், எழுதிப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளு செவுத்தடியில ரெண்டு படி மிளகாத்தூளைக் கொட்டி வெச்சேன். அது எப்படி மேல ஏறுச்சோ தெரியலைங்க. ஏறுச்சு. பஞ்சாயத்துப் பிரசிடென்டு ரெண்டு நாளு ஆபீசுக்கு வரலைன்னாங்க.

எங்கூட்டுக்காரருக்கு மட்டும் இது ஆகாது. பாவம், தும்மலு. ராத்திரி பகல்னு இல்லை. அதனால தோட்டத்துச் சாளை, அந்தக் குடிசையிலயே இருந்துக்கறாரு, பதினோரு வருசமாச்சு. சோறு மட்டும் ஆளுக வந்து வாங்கிட்டுப் போவாங்க. அங்க போனதும் தும்மல் நின்னுபோச்சுன்னாரு. ஒரு தடவை நான் போயிருந்தேன், குளிச்சுட்டுத்தான் போனேன், ஒரு மிளகாய் கூடக் கையில இல்லை. அப்பவும் தும்முனாரு. சில பேரு ஒடம்பு அப்படிங்க.

பொண்ணை வளர்த்ததும் மிளகாயிலதான். பால் மறக்கடிக்கணும்னா எல்லாரும் வேப்பெண்ணெய் தடவுவாங்க. மில்லுல வேப்பெண்ணெய்க்கு எங்க போறது. மிளகாத்தூளை ஒரு இனுக்குத் தடவிட்டேன். ஒருக்காத்தான் வாய் வெச்சா. அப்பறம் மடிப்பக்கமே வரலை. நெம்பப் புத்திசாலிக் கொழந்தைங்க. வெரல் சூப்புனா, அதுக்கும் அதேதான். ஒம்பதாவது படிக்கறப்ப ஒரு நாளு எதுத்துப் பேசுனா. என்னத்துக்குன்னு எனக்கு நெனவில்லை. நாக்கை நீட்டச் சொல்லி ஒரு சிட்டிகை வெச்சேன். அழவே இல்லைங்க. தண்ணி கேக்கலை. எதுத்தாப்பல நின்னு பார்த்துட்டே இருந்தா. அன்னைக்கோட செரி, இன்னைக்கு அவளுக்கு இருவத்தாறு வயசு, ஒரு வார்த்தை எதுத்துப் பேசுனதில்லை. உங்களுக்குக் கொழந்தைக இருக்குதா? இல்லையா. இருக்கட்டும், வரும்.

போன வருசம் எந்நேரமும் போனு, போனு, போனு. யாருகிட்டடான்னு கேட்டா, ஒண்ணுமில்லைம்மா. செரின்னு போன் முதுகுல காஞ்ச மிளகாயை ஒடைச்சுத் தேச்சு வெச்சேன். ரெண்டு நாளு கன்னம் செவந்து கெடந்துச்சு. எதனாலன்னு அவளும் கேக்கலை, நானும் சொல்லலை. அதுக்கப்பறம் வூட்டுல இருந்து அவ போன்ல பேசறதே இல்லை. இதை எதுக்குச் சொல்றேன்னா, அத்தனை நல்ல பொண்ணு. பால் சொசைட்டியில டெஸ்ட் எடுக்கற வேலை. காலைல போனா நேரா வூட்டுக்கு வருவா.

அந்தப் பொண்ணு கல்யாணத்தைத்தான் ஒருத்தி கலைச்சுப்போட்டா.

காங்கயத்துப் பக்கம் மாப்பிள்ளை. தென்னந்தோப்பு, சொந்த லாரி, ஒரே பையன். பார்க்க வந்தாங்க, பிடிச்சிருச்சு. மேகலாகிட்ட, பிடிச்சிருக்குதானேன்னு கேட்டேன். செரிம்மான்னா. வெத்தலை பாக்கு மாத்தியாச்சு, மண்டபம் சொல்லியாச்சு. பதினஞ்சு நாள் கழிச்சு மாப்பிள்ளைக்குப் பெரியப்பா கூப்பிடறாரு. ‘வேண்டாமுங்க, உட்டுருவோம். ஒரு பொம்பளை போன் பண்ணிச்சு. பொண்ணுக்கு இதுல இஷ்டமில்லையாம். இஷ்டமில்லாத பொண்ணைக் கட்டிவெச்சுப் பாவத்தைக் கட்டிக்க நாங்க தயாரில்லை’ங்கறாரு.

அவளோட கெட்டிக்காரத்தனத்தைப் பாருங்க அம்மிணி. சாதாரணமாக் கலைக்கறவங்க பொண்ணு செரியில்லைம்பாங்க, வியாதிம்பாங்க. நாம பத்துப் பேரைக் கூட்டிட்டுப் போயிப் பொய்யின்னு சொல்லிப்போடலாம். இவ, பொண்ணுக்கு இஷ்டமில்லைன்னு சொல்லியிருக்கறா. இதைப் பொய்யின்னு யாரு வந்து சொல்றது?

எந்த நம்பருன்னு கேட்டு வாங்குனேன். பார்த்தா எங்கூரு பால் சொசைட்டி நம்பரு. அங்கதான் மாட்டிக்கிட்டேன். சொசைட்டிக்கு முன்னூறு பேரு பால் ஊத்தறாங்க. முன்னூறு பேர்ல எவளுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? மேகலாவையே கேட்டேன், நீ அங்கதானே இருக்கறே, போனை யாரு எடுத்தான்னு பார்த்தியா? பார்க்கலைம்மான்னா. அவ கண்டாளா பாவம், குனிஞ்சா நிமிர மாட்டா, வேலை அப்படி.

அப்பத்தான் கோயிலுக்குப் போலாம்னு முடிவு பண்ணுனேன். உங்களுக்கு அந்தக் கோயில் தெரியுமா? ஆத்தோரம், அரச மரத்தடியில ஒரு கல்லு. நீதிக்கல்லும்பாங்க. நமக்கு ஒருத்தரு அநியாயம் பண்ணிப்போட்டா, அங்க கெடக்கற ஆட்டுக்கல்லுல மிளகாய் அரைச்சு, அந்தக் கல்லுல பூசோணும். யாருன்னு தெரியாட்டியும் பரவால்லை, செஞ்சவங்களுக்குன்னு சொல்லிப் பூசிக்கலாம். நியாயம் கெடைக்கற வரைக்கும் அம்மனுக்கு ஒடம்பெல்லாம் எரியுமாம். அந்த எரிச்சல்ல அது போயி செஞ்சவங்களைத் தேடிப் புடிச்சிரும். நியாயம் கெடைச்சா, பூசுனவங்களே போயி வெண்ணெய், தயிரு, எளநீ எல்லாம் ஊத்திக் குளிர வெச்சுட்டு வரோணும். இதான் மொறை.

மேகலாவையும் கூட்டிட்டுப் போனேன். சாதாரணக் குண்டு மிளகாய், காப்படி. நான் அரைச்சேன், அவ தண்ணி தெளிச்சா. பூசறப்போ, ‘எம்பொண்ணு கல்யாணத்தைக் கலைச்சவ யாரா இருந்தாலும் உடாதே தாயே’ன்னேன். சத்தமாத்தான் சொன்னேன். அவ பக்கத்துல சொம்போட நின்னுட்டு இருந்தா. ரெண்டடி பின்னால நகந்துட்டா. எளகுன மனசு, அடுத்தவங்களுக்கு எரியும்னா அவளுக்குத் தாங்காது.

ஒரு வாரத்துல எங்க நாத்தனா பூவாத்தாளுக்குக் கண்ணு ரெண்டும் செவந்து வீங்கிப்போச்சு. மாட்டுனியான்னு நெனச்சேன். அப்பறம் பார்த்தா பள்ளிக்கொடத்துல இருந்து ரேசன் கடை வரைக்கும் ஊரு பூராவும் மெட்ராஸ் ஐ. ஊரே சேர்ந்து போன் பண்ணியிருக்க முடியாதுங்களே. அதனால ரெண்டாந்தடவை போனோம். இந்தத் தடவை நீட்டு மிளகாய், குண்டூரு. காரம் எச்சு. நாலாம் நாளு கல்யாணப் புரோக்கரு மொபட்டுல இருந்து விழுந்துட்டாரு. ஆனா அவரு எல்லாச் சனிக்கெழமையும் விழுவாரு. அதைக் கணக்குல சேக்க முடியாது.

அம்மனுக்கு ஒறைக்கலைன்னு அப்பத்தான் புரிஞ்சுது. எனக்கு எப்படியோ அதுக்கும் அப்படித்தான். வருசக்கணக்கா ஊரே பூசிப் பூசிப் பழகியிருக்கும்ல.

எங்கூரு தேங்கா நாரு மில்லுல அசாம்காரங்க நெறையப் பேரு வேலை செய்யறாங்க. ஜூனாலின்னு ஒரு பொண்ணு அரிசி மாவு அரைக்க எங்க மில்லுக்கு வரும். அதுகிட்டச் சொல்லி வெச்சேன். ஊருக்குப் போயிட்டு வந்தப்போ ஒரு டப்பாவுல கொண்டாந்துச்சு. சுருங்கி, திராச்சை மாதிரி இருந்துச்சு. அவங்க ஊருல யானையை வெரட்ட வேலிக் கயித்துல தடவி வெப்பாங்களாம். ‘அம்மா, ஒண்ணு போதும். பெரிய சட்டிக்கு ஒண்ணு’ன்னு ஒரு வெரலைக் காட்டுச்சு. கையில பிளாஸ்டிக் பையி மாட்டிட்டுத் தொடோணும்னு செஞ்சு காமிச்சுது. நான் சிரிச்சேன். ‘ஏனம்மிணி, என்னை யாருன்னு நெனச்சே’ன்னு கேட்டேன். அதுக்குத் தமிழு பத்தாது, சிரிச்சுட்டுப் போயிருச்சு.

போன வெள்ளிக்கெழமை. ஏழு மிளகாய் போட்டேன். யானைக்கே ஒண்ணுன்னா, அம்மனுக்கு ஏழாச்சும் போடோணும்ல. மேகலா தண்ணி தெளிச்சா. கொழவியை நாலு சுத்துச் சுத்தியிருப்பேன், வரிசையில நின்ன பொம்பளைங்க பூராவும் இருமிட்டு ஆத்துப் பக்கம் ஓடறாங்க. பூசாரி வெளிய வந்து, ‘ஆத்தா, என்னத்தைப் போட்டீங்க’ன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டாரு. நான் அள்ளிப் பூசுனேன். ‘யாரா இருந்தாலும் உடாதே, யாரா இருந்தாலும், யாரா இருந்தாலும்’னு மூணு வாட்டி சொன்னேன். சொல்லி முடிக்கலை, கையில நெருப்பு வெச்ச மாதிரி ஆயிருச்சு.

முப்பது வருசத்துல மொதல் தடவை எனக்கு எரிஞ்சுதுங்க. எரியறதுன்னா இதுதான்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். பழக்க தோசத்துல கண்ணைத் தொடச்சுட்டேன். கண்ணும் போச்சு. பொத்துன்னு உக்காந்துட்டேன். மேகலாதான் ஓடிவந்து எங்கையைத் தன் கையில புடிச்சு, யாரோ அம்மனுக்குக் கொண்டாந்த தயிரை ஊத்திக் கழுவுனா. வெறுங்கையில கழுவுனா. பையி மாட்டோணும்னு எனக்குத்தான் ஜூனாலி சொன்னது, அவளுக்குத் தெரியாது.

அஞ்சாறு நாளு கையி மடக்க முடியலை. அவதான் வேலைக்கு லீவு போட்டுட்டு ஊட்டிவுட்டா. தயிருச் சோறு, உருண்டை புடிச்சு. அவளுக்கு நான் ஊட்டுனதை அவ மறந்திருப்பா, எனக்குமே அத்தனை நெனவில்லை. மூணாம் நாளு மத்தியானம், உருண்டையை என் வாயில வெச்சுப்போட்டு, ‘அம்மா, சொசைட்டி போன்ல பேசுனது நாந்தான்’னா.

வாயில சோறு இருந்துச்சு. முழுங்குனேன். இன்னொரு உருண்டை புடிச்சு வெச்சா. அதையும் முழுங்குனேன்.

நீங்க நெனைக்கலாம், கோவம் வந்திருக்கும்னு. வரலைங்க. என்னமோ வரலை. எனக்கு மொதல்ல நெனப்பு வந்தது, மூணு வாட்டி சொல்லிப்போட்டு வந்திருக்கறனேங்கறதுதான். யாரா இருந்தாலும்னு. சும்மா குண்டு மிளகாயில சொல்லியிருந்தாப் பரவால்லை, ஏழு மிளகாயில சொல்லியிருக்கறேன். அவ கையைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கை பூராக் கொப்புளம். அம்மா, உங்க கையைக் கழுவுனதுல வந்ததுங்கறா. டாக்டரும் அப்படித்தான் சொல்றாரு, ஒரு வாரத்துல போயிரும், களிம்பு போடுங்கன்னு எழுதிக் குடுத்தாரு. அவருக்கு என்ன தெரியும். அவரு சேலத்துக்காரரு.

எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு. அது ஆரம்பிச்சுட்டுது, கையில ஆரம்பிச்சிருக்குது, இனி எங்க போகும்? அதான் இன்னைக்குக் கை மடங்குனதும் கெளம்பிட்டேன். வெண்ணெய் அவதான் சொசைட்டியில வாங்கிட்டு வந்தா. எதுக்கு வெண்ணெய்னு அவ கேக்கலை. நானும் சொல்லலை. தெரிஞ்சிருக்கும்.

பூசாரிக்குப் போன் போட்டுக் கேட்டேன். நியாயம் கெடைக்காம நடுவுல கழுவலாமான்னு. அப்படி வழக்கமில்லையேன்னாரு. உங்களுக்கு நியாயம் கெடைச்சிருச்சுன்னு உங்க வாயால அம்மன்கிட்டச் சொல்லிட்டுத்தான் வெண்ணெய் வெக்கோணுமாம். பொய் சொல்லி வெச்சா எரிச்சல் திரும்பிரும்னாரு. அவரும் அந்த நெடியில ரெண்டு நாளு படுத்துட்டாராம், அந்தக் கோவமும் கொரல்ல இருந்துச்சு.

என்னங்க கேட்டீங்க? பஸ்ஸு சத்தத்துல விழலை.

ஏன் அப்படிப் பண்ணுனான்னா?

கேக்கலைங்க.

கேக்கலை. மூணு நாளாச்சு, இல்லை, நாலாச்சு. கேக்கோணும்னு தோணலை. இல்லைங்க, தோணுச்சு. ராத்திரி பக்கத்துலதான் படுத்திருந்தா, முழிச்சுட்டுத்தான் இருந்தா. கேட்டாச் சொல்லியிருப்பாளோ என்னமோ. பையனைப் பிடிக்கலையா, வேற யாராச்சும் இருக்கறானா, கல்யாணமே வேண்டாமா, ஒண்ணும் தெரியாது எனக்கு. ‘பிடிச்சிருக்குதானே’ன்னுதான் கேட்டேன் அன்னைக்கு. ‘பிடிச்சிருக்குதா’ன்னு கேக்கலை போல. எங்கிட்டச் சொல்றதுக்கு, முன்னப் பின்னத் தெரியாத ஒரு பெரியப்பனுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கறா. அதுவும் வேற யாரோ ஒரு பொம்பளை மாதிரி. அவருகிட்டச் சொல்லிருக்கறா, அம்மிணி. எங்கிட்டச் சொல்லலை.

நாக்கை நீட்டச் சொன்னப்போ அவ என்ன பேசுனான்னு நேத்தெல்லாம் யோசிச்சுட்டே இருந்தேன். வரமாட்டேங்குது. என்னமோ வேண்டாம்னாதான் இருக்கும். அந்த வயசுல வேற என்ன பேசியிருப்பா.

இன்னொண்ணும் நெனச்சேன். செஞ்சவங்களை உடாதேன்னு அந்த அம்மன்கிட்டச் சொன்னேன்ல. மொதல்ல எரிஞ்சது எனக்குங்க. முப்பது வருசம் எரியாத கை. அவளுக்கு எங்கையைத் தொட்டுத்தான் எரிஞ்சுது. அதை நெனச்சேன். நெனச்சுட்டு, செரி வேலையப் பார்ப்போம்னு உட்டுட்டேன்.

இப்ப அங்க போயி நின்னு, நியாயம் கெடைச்சிருச்சுன்னு சொல்லோணும். என்ன நியாயம்னு அது கேட்டா நான் என்னங்க சொல்றது? ஒண்ணும் தெரியாம வெறும் வெண்ணெய் வெச்சா ஏத்துக்குமா? அதுவும் ஒரு பொம்பளைதானே.

மணி என்னாச்சு? பன்னண்டா. இன்னும் எத்தனை ஸ்டாப்பு இருக்குதுங்க? நாலா. நாலு ஸ்டாப்புன்னா இருவது நிமிசம் இருக்கும். இருவது நிமிசத்துல ஒரு பொண்ணு எத்தனை சொல்ல முடியும்.

அம்மிணி, ஒரு ஒத்தாசை பண்ணுவீங்களா? கோவிச்சுக்காதீங்க. நீங்க எந்திரிச்சுப் போயி அந்த நீலச் சுடிதாரு சீட்டுல உக்காந்துக்கறீங்களா? அங்க நெடி இருக்காது, காத்தும் வரும். அவளை இங்க அனுப்பிவெச்சிருங்க. அந்தப் பக்கம் வெயிலு அடிக்குது, வெண்ணெய் உருகிரும், அதுக்குத்தான்.

போறப்ப ஒண்ணுங்க. நான் கூப்பிட்டேன்னு சொல்லாதீங்க, பயந்துக்குவா. வெண்ணெய் உருகிருமாம்னு மட்டும் சொல்லுங்க.